மின்படகுக்கும் கலப்புக் கப்பலுக்கும் எந்த பேட்டரி? துறையில் நிற்கும் நிமிடங்களிலிருந்து ஒரு கணக்கு

மின்சாரத்தில் ஓடும் படகையோ கப்பலையோ கட்ட முனைகிறவர்கள் முதலில் தேடுவது, ஒரு கிலோ எடையுள்ள பேட்டரிக்குள் எவ்வளவு ஆற்றலை அடைக்க முடியும் என்ற எண்ணைத்தான். மின்சாரக் கார்கள் நம்மைப் பழக்கிவிட்ட கேள்வி அது. கார் ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, இரவெல்லாம் வீட்டு வாசலில் நின்று சாவகாசமாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. பயணிகள் படகோ விடியற்காலையில் தொடங்கி இரவு வரை கரைக்குக் கரை போய்வந்தபடி இருக்கிறது; செலவழித்த ஆற்றலை, துறையில் ஆட்கள் இறங்கி ஏறும் அந்தச் சில நிமிடங்களுக்குள் திரும்பப் பெற்றாக வேண்டும். துறையில் எத்தனை நிமிடம் நிற்கிறது, நாளொன்றுக்கு எத்தனை முறை சார்ஜ் ஏறுகிறது என்ற இரண்டும் தெரியாமல் பேட்டரி வகைகளை ஒப்பிடுவதில் பயனில்லை என்பதே என் கருத்து. அதை ஒரு கணக்கின் வழியாகவே காட்ட முயல்கிறேன்.

களத்தில் இருக்கும் வகைகளை முதலில் பார்த்துவிடலாம். ஈய-அமில பேட்டரி நீர்மூழ்கிக் கப்பல்களில் நூறாண்டுக்கும் மேலாக உழைத்த வகை. ஆனால் கிலோவுக்கு 30 முதல் 40 வாட் மணி வரைதான் தாங்கும், ஆழமாக வடித்தால் சில நூறு சுழற்சிகளில் (ஒரு முறை நிரப்பி வடிப்பது ஒரு சுழற்சி) தேய்ந்துவிடும், சார்ஜ் ஏறவும் பல மணி நேரம் எடுக்கும். ஜப்பானியக் கடற்படைகூட 2020இல் பணியில் சேர்த்த ஓரியூ என்ற நீர்மூழ்கியில் அதைக் கைவிட்டு லித்தியத்துக்கு மாறிவிட்டது. எஞ்சின் முடுக்கவும் அவசர விளக்குக்கும் அது தொடர்ந்து பயன்படும். உந்துவிசைக்கு அதைப் பரிசீலிக்க இன்று காரணமில்லை. எஞ்சியிருப்பவை மூன்று லித்திய வகைகள்: நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி.; இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட எல்.எஃப்.பி.; லித்தியம் டைட்டனேட் என்னும் எல்.டி.ஓ.

முதல் இரண்டும் நேர் மின்முனையில்தான் வேறுபடுகின்றன. என்.எம்.சி. மின்கலம் 3.6 அல்லது 3.7 வோல்ட் தரும். கிலோவுக்கு 150 முதல் 250 வாட் மணி வரை தேக்கும். எல்.எஃப்.பி. 3.2 வோல்ட்டோடு நின்றுவிடும்; 90 முதல் 160 வாட் மணி வரை தேக்கும். அதற்கு ஈடாக, அதன் பாஸ்பேட் கட்டமைப்பில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் வெளிவருவதில்லை. நிக்கலும் கோபால்ட்டும் வேண்டியதில்லை என்பதால் விலையும் குறைவு. இரண்டிலும் எதிர் மின்முனை கிராஃபைட்தான். வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதற்குத் தடையாக நிற்பதும் இந்தக் கிராஃபைட்தான்: அதன் மின்னழுத்தம் லித்திய உலோகத்தின் மின்னழுத்தத்துக்கு மிக அருகில் இருப்பதால், மின்னோட்டத்தை அளவுக்கு மீறித் திணித்தால் லித்தியம் உள்ளே புகாமல் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடுகிறது. கொள்ளளவு குறைவதும், படிவு முனை நீண்டு உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படுவதும் இதனால்தான்.

எல்.டி.ஓ. இந்தக் கிராஃபைட்டை எடுத்துவிட்டு லித்தியம் டைட்டனேட்டை வைக்கிறது. அது லித்தியத்தைவிட 1.55 வோல்ட் மேலே இருப்பதால் உலோகப் படிவுக்கு வழியில்லை. லித்தியம் புகும்போதும் வெளியேறும்போதும் படிகம் ஏறக்குறைய பருமன் மாறாமல் இருப்பதால் தேய்மானமும் மிகக் குறைவு. கிராஃபைட் மின்கலங்கள் சில ஆயிரம் சுழற்சிகளைச் சொல்லும் இடத்தில் எல்.டி.ஓ. தயாரிப்பாளர்கள் 15,000, 20,000 என்று பேசுவது இதனால்தான். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அந்த 1.55 வோல்ட் அப்படியே மின்கலத்தின் வெளியீட்டிலிருந்து கழிந்துவிடுவதால் கிடைப்பது 2.3 வோல்ட் அளவுதான். ஆற்றல் அடர்த்தி கிலோவுக்கு 50 முதல் 80 வாட் மணி வரை சரிந்துவிடுகிறது. ஒரு கிலோவாட் மணிக்கான விலையோ எல்.எஃப்.பி.யைப் போலப் பல மடங்கு.

எடையும் அதிகம், விலையும் அதிகம் என்ற இந்த வகையை யார் வாங்குவார்கள் என்று தோன்றலாம். கொச்சி வாங்கியது. 2023 ஏப்ரலில் சேவையைத் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவுக்காகக் கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய நூறு பேர் செல்லும் படகுகளில் இருப்பவை எல்.டி.ஓ. பேட்டரிகள்தாம், படகொன்றுக்கு ஏறக்குறைய 120 கிலோவாட் மணி. (அவற்றுள் முதல் படகுக்கு முசிரிஸ் என்று பெயரிட்டார்கள்; சங்கப் பாடல்களின் முசிறி, பேட்டரிப் படகின் பெயராகத் திரும்ப வந்திருப்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.) அதே கேரளத்தில் 2017 முதல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடும் ஆதித்யா என்ற 75 பேர் செல்லும் படகு, கூரை முழுவதும் சூரியத் தகடுகளைப் பரப்பி, கொச்சிப் படகில் இருப்பதில் பாதிக்கும் குறைவான அளவு கொண்ட லித்திய பேட்டரியோடு காரியத்தை முடித்துக்கொள்கிறது. பகலெல்லாம் கூரையிலிருந்து சிறுகச் சிறுக மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் படகுக்கு விரைவு சார்ஜ் தேவைப்படுவதில்லை. ஒரே மாநிலத்தில், ஒரே தட்பவெப்பத்தில், இருவேறு முடிவுகளும் சரியாக அமைந்திருக்கின்றன.

இனி அந்தக் கணக்கு. நூறு பேர் செல்லும் படகு ஒன்று, ஒரு நடைக்கு 40 கிலோவாட் மணி செலவிடுகிறது என்றும், துறையில் 10 நிமிடம் நிற்கிறது என்றும், இணைப்பைப் பொருத்தவும் கழற்றவும் 2 நிமிடம் போக 8 நிமிடம் சார்ஜ் ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 8 நிமிடத்தில் 40 கிலோவாட் மணி ஏற வேண்டுமானால் 300 கிலோவாட் திறன் தேவை. எல்.டி.ஓ. தன் கொள்ளளவின் மூன்று மடங்கு வீதத்தில், அதாவது ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 3 கிலோவாட் என, சார்ஜ் ஏற்றுக்கொள்ளும் என்று எடுத்தால் 100 கிலோவாட் மணி பேட்டரி போதும். எல்.எஃப்.பி.யை நீண்ட நாள் உழைக்க விட வேண்டுமானால் ஒரு மடங்கு வீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அப்போது 300 கிலோவாட் மணி வேண்டும். என்.எம்.சி.க்கு ஒன்றரை மடங்கு என்றால் 200 கிலோவாட் மணி. பெட்டி, குளிரூட்டல், கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து, கிலோவுக்கு எல்.டி.ஓ. 50, எல்.எஃப்.பி. 90, என்.எம்.சி. 110 வாட் மணி என்று கொண்டால், எடைகள் முறையே 2 டன், 3.3 டன், 1.8 டன் என்று வருகின்றன. மூன்றிலும் கனமானது என்று ஒதுக்கப்பட்ட எல்.டி.ஓ., இந்தக் கணக்கில் எல்.எஃப்.பி.யைவிட 1.3 டன் இலேசாகிவிட்டது. ஆளுக்கு 75 கிலோ என்றால் அது 17 பயணிகளின் எடை.

என்.எம்.சி. இன்னும் இலேசாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அங்கேதான் ஆயுள் குறுக்கிடுகிறது. நாளுக்கு 16 நடை, ஆண்டுக்கு 330 நாள் என்றால் பத்தாண்டில் பேட்டரி வழியாகப் பாயும் ஆற்றல் ஏறக்குறைய 2,100 மெகாவாட் மணி. அதை முழுச் சுழற்சிகளாக மாற்றினால் எல்.டி.ஓ.வுக்கு 21,000, என்.எம்.சி.க்கு 10,500, எல்.எஃப்.பி.க்கு 7,000. எல்.டி.ஓ. தன் எல்லையைச் சற்றுத் தாண்டினாலும், ஒவ்வொரு முறையும் நாற்பது விழுக்காடுதான் வடிகிறது என்பதால் தாக்குப்பிடிக்கும். எல்.எஃப்.பி. ஒவ்வொரு நடையிலும் பதின்மூன்று விழுக்காடு மட்டுமே வடிவதால் அதுவும் ஓரளவு தேறிவிடும். என்.எம்.சி. பெரும்பாலும் நடுவழியில் ஒரு முறை மாற்றப்பட வேண்டியிருக்கும். ஆக, இந்தப் படகுக்குப் போட்டி எல்.டி.ஓ.வுக்கும் அளவுக்கு மீறிப் பெரிதாக வைக்கப்பட்ட எல்.எஃப்.பி.க்கும் இடையேதான், எடையும் இடமும் இறுக்கமாக இருந்தால் முன்னது, கொள்முதல் விலை இறுக்கமாக இருந்தால் பின்னது. நம் பக்கத்து வெப்பத்தில் இயந்திர அறை நாற்பது டிகிரியைத் தொடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தில் மின்கலங்கள் விரைவாக மூப்படைகின்றன. உள்தடை குறைந்த எல்.டி.ஓ. சார்ஜ் ஏறும்போது குறைவாகச் சூடாவதால் அதன் குளிரூட்டலும் எளிமையாக அமையும்.

அதே படகு துறையில் அரை மணி நேரம் நிற்கிறது என்று மாற்றிப் பாருங்கள். இணைப்புக்கான 2 நிமிடம் போக, தேவையான திறன் ஏறக்குறைய 86 கிலோவாட்டாகச் சுருங்கிவிடும். 120 கிலோவாட் மணி எல்.எஃப்.பி. போதும், எடை 1.3 டன்தான். எல்.டி.ஓ.வின் அத்தனை சாதகமும் போய்விட்டது. மறுபுறம், 4 நிமிடம்தான் நிற்கிறது, அதில் 2 நிமிடம் இணைப்புக்கே போய்விடுகிறது என்றால் தேவை 1,200 கிலோவாட், எல்.எஃப்.பி.யை அந்தப் படகில் ஏற்றவே முடியாது. பிரான்சின் லோரியாங் துறைமுகத்தில் 2013 முதல் ஓடும் ஆர் வாக் ட்ரெடான் என்ற சிறு படகு, இந்த எல்லையையும் தாண்டிச் சென்று, பேட்டரியே இல்லாமல், வேதிவினையின்றி மின்னூட்டத்தைத் தேக்கும் சூப்பர் கெப்பாசிட்டர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நடைக்குப் பின்னும் 4 நிமிடத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. நிற்கும் நேரத்தில் சில நிமிடம் கூடினாலோ குறைந்தாலோ விடை தலைகீழாகிவிடுகிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சான்று வட ஐரோப்பாவில் இருக்கிறது. நார்வேயின் சோக்னெஃப்யோர்டில் லாவிக்குக்கும் ஓப்பெடாலுக்கும் இடையே 2015இல் ஓடத் தொடங்கிய ஆம்பியர், கார்களை ஏற்றிச் செல்லும் முதல் முழு மின்சாரக் கப்பல். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவை 20 நிமிடத்தில், நாளுக்கு 34 முறை கடந்து, கரையில் 10 நிமிடம் மட்டுமே நிற்கும் அந்தக் கப்பலில் இருந்தது எல்.டி.ஓ. அல்ல, ஒரு மெகாவாட் மணிக்குச் சற்று மேற்பட்ட என்.எம்.சி. பேட்டரிதான். சுவீடனின் ஹெல்சிங்போரிக்கும் டென்மார்க்கின் ஹெல்சிங்கோருக்கும் இடையே ஓடும் ஆரோரா, டைக்கோ பிராஹே ஆகிய இரண்டு பழைய டீசல் கப்பல்களை மாற்றியமைத்தபோது ஒவ்வொன்றிலும் 4,160 கிலோவாட் மணி பேட்டரி வைத்தார்கள். ஒரு முறை கடப்பதற்குச் செலவாவது அதில் கால் பங்குக்குச் சற்று அதிகம். தேவைக்கு மூன்று, நான்கு மடங்கு பெரிய பேட்டரியை வைத்து, வீதத்தையும் வடிப்பு ஆழத்தையும் மென்மையாக்கி, வேகச் சார்ஜுக்கு ஏற்றதல்ல என்று சொல்லப்படும் வகையிலேயே வேலையை முடித்துக்கொள்வது அவர்களுடைய வழி. அவ்வளவு பெரிய கப்பலில் பல டன் பேட்டரி கூடுவது பெரிய பாரமல்ல. நூறு பேர் செல்லும் இலேசான படகில் அதே உபாயம் பலிக்காது. குளிர்ந்த கடலும் அவர்களுக்குத் துணை நின்றது.

ஆம்பியரிலிருந்து கற்க வேண்டிய இன்னொன்று கரைப் பக்கத்தைப் பற்றியது. அந்தச் சிற்றூர்களின் மின்வலையால் பத்து நிமிடத்துக்கு அவ்வளவு திறனைத் தர இயலாது என்பதால், இரு கரைகளிலும் தனி பேட்டரிகளை வைத்து, கப்பல் எதிர்க்கரையில் இருக்கும் நேரத்தில் அவற்றை மெதுவாக நிரப்பி, கப்பல் வந்ததும் அதில் கொட்டினார்கள். கப்பலில் சிறிய பேட்டரி வைத்து மிச்சம் பிடித்த பணம், கரையில் மின்மாற்றியாகவோ பேட்டரியாகவோ உச்சத் தேவைக் கட்டணமாகவோ வெளியே போகும். டென்மார்க்கின் எல்லன் கப்பல் இதற்கு நேரெதிர்: ஐரோ தீவின் சோபி துறையில் மட்டுமே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, போய்வர 22 கடல் மைல் ஓட வேண்டியிருப்பதால் 4.3 மெகாவாட் மணியைத் தன்னோடு சுமந்து செல்கிறது.

தொலைவு கூடும்போதும் வேகம் கூடும்போதும்தான் கிலோவுக்கு எத்தனை வாட் மணி என்ற பழைய கேள்வி மீண்டும் தலைமை இடத்துக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 2025 மே மாதம் நீரில் இறக்கப்பட்ட சைனா சொரியா, புவெனஸ் ஐரெசுக்கும் உருகுவேக்கும் இடையே ஓடுவதற்காகக் கட்டப்பட்ட 130 மீட்டர் நீள அலுமினிய இரட்டை உடல் கப்பல்; அதன் பேட்டரி 40 மெகாவாட் மணிக்கு மேல், எடை 250 டன், அதாவது கிலோவுக்கு 160 வாட் மணி. விரைவுக் கப்பலில் ஒவ்வொரு டன்னும் நீரின் எதிர்ப்பைக் கூட்டி, அதைச் சமாளிக்க மேலும் பேட்டரி கேட்கும் என்பதால் இங்கே எல்.டி.ஓ.வைப் பற்றிப் பேச்சே எழாது. இதற்கு மாறாக, யாங்சி ஆற்றில் 2022 முதல் 1,300 பேரோடு நிதானமாக உலா வரும் யாங்சி மூன்று பள்ளத்தாக்கு 1 என்ற சுற்றுலாக் கப்பல் 7.5 மெகாவாட் மணி எல்.எஃப்.பி.யைச் சுமக்கிறது. அவசரம் இல்லை, நிற்கும் நேரம் நிறைய, அணைமின்சாரம் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதே ஆற்றில் 700 பெட்டிகளை ஏற்றும் சரக்குக் கப்பல்களில், பேட்டரியையே சரக்குப் பெட்டிக்குள் வைத்து, வடிந்ததை இறக்கிவிட்டு நிரம்பியதை ஏற்றிக்கொள்கிறார்கள். சார்ஜ் வேகம் என்ற பிரச்சினையே அங்கு எழுவதில்லை.

எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து இயக்கும் கலப்புக் கப்பல்களில் கேள்வியே வேறு. வடகடலின் எண்ணெய் மேடைகளுக்குப் பொருள் கொண்டுசெல்லும் கப்பல், நங்கூரமிடாமல் ஓரிடத்திலேயே நிலைகொள்ள வேண்டும். ஒரு ஜெனரேட்டர் திடீரென நின்றுவிட்டால் மேடையின்மேல் மோதாதிருக்க, இன்னொன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தாக வேண்டும். இரண்டும் குறைந்த சுமையில் ஓடி எரிபொருளை வீணாக்கும், கரியைக் கக்கும். வைக்கிங் எனர்ஜி என்ற கப்பலில் 2016இல் ஏறக்குறைய 650 கிலோவாட் மணி பேட்டரியை வைத்து, அந்த இரண்டாம் ஜெனரேட்டரின் காவல் பணியை அதற்குக் கொடுத்தார்கள். இங்கே பேட்டரி சுழற்சிகளால் தேய்வதைவிட, நிரம்பிய நிலையில் காத்திருந்தே அதிகம் மூப்படைகிறது. நிரம்பிய நிலையில் நெடுநாள் நிற்பதை என்.எம்.சி. விரும்பாது, முழுக்க நிரப்பாமல் நடு அளவில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பச் சற்றுப் பெரிதாக வாங்குவதே வழக்கம்.

பாதுகாப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எல்.எஃப்.பி. தீப்பிடிக்காது என்ற வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. அது பாதி உண்மை. எல்.எஃப்.பி. கட்டுமீறிச் சூடாவதற்கு என்.எம்.சி.யைவிட அதிக வெப்பநிலை வேண்டும், வெளிவரும் வெப்பமும் குறைவு. ஆனால் சிதையும்போது வெளிவிடும் வாயுவில் ஹைட்ரஜன் பங்கு அதிகம். உடனே தீப்பற்றாமல் மூடிய அறைக்குள் அந்த வாயு சேர்ந்தால் காத்திருப்பது வெடிப்பு. நார்வேயில் 2019 அக்டோபரில் இட்டரோய்னிங்கன் என்ற கலப்புக் கப்பலின் பேட்டரி அறையில் தீப்பிடித்து, மறுநாள் கீழ்த்தளத்தில் வாயு வெடித்தது. தீயணைப்பு வீரர்களை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் சுட்டப்பட்ட காரணம் குளிரூட்டும் திரவத்தின் கசிவு. 2021 மார்ச்சில் ஆஸ்லோ ஃப்யோர்டில் பிரிம் என்ற சுற்றுலாப் படகு தீப்பிடித்தபோது, காற்றோட்டக் குழாய் வழியே கடல்நீர் பேட்டரி அறைக்குள் புகுந்தது விசாரணையில் தெரியவந்தது. இரண்டு விபத்துகளிலும் கேடு தொடங்கிய இடம் திரவம். மின்கலத்தின் வேதியியல் அதற்குப் பிறகுதான் களத்துக்கு வருகிறது. ஒரு மின்கலம் சிதைந்தால் பக்கத்து மின்கலத்துக்குப் பரவாது என்பதைச் சோதனையில் காட்டியிருக்கிறார்களா, சிதையும் வாயு தனிக் குழாய் வழியாகத் திறந்த மேல்தளத்துக்குப் போகிறதா, உள்ளிழுக்கும் காற்றுவழியின் வாய் அலைத் தெறிப்பு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்ற மூன்றையும் வரைபடத்தில் பார்த்த பிறகே எந்த வகை என்று பேசுவது நல்லது.

எல்.எஃப்.பி.யைத் தேர்ந்தெடுப்பவர்கள் எதிர்பாராத ஒரு தொல்லையும் உண்டு. அதன் மின்னழுத்தம் நிரம்பிய நிலையிலிருந்து வடியும் நிலை வரை ஏறக்குறைய சமதளமாகவே கிடப்பதால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வோல்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பில் பிழை சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது முழுதாக நிரப்பினால்தான் அது சரியாகும். பகல் முழுவதும் அரைகுறையாகச் சார்ஜ் ஏறும் படகுக்கு, இரவில் ஒரு முழுச் சார்ஜ் என்ற ஒழுங்கைக் கால அட்டவணையிலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலுமியின் திரையில் நாற்பது விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆற்றின் நடுவில் திறன் குறைக்கப்படலாம்.

சோடியம் அயனி, திட மின்பகுளி ஆகிய புதிய பேட்டரி வகைகள் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. கப்பலில் பல்லாண்டு உழைத்துக் காட்டிய பதிவு இல்லாத வகையை, பயணிகளை ஏற்றும் படகுக்கு இன்று முன்மொழிய எனக்குத் துணிவில்லை.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்ச் சந்தையில் எல்.எஃப்.பி. மின்கலங்களின் விலை சரிந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்கும் அதே விகிதத்தில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். கப்பல்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கத்தின் ஒப்புதல், தீத்தடுப்புப் பெட்டி, வாயுக் குழாய், குளிரூட்டல், சிறிய எண்ணிக்கையில் நடக்கும் உற்பத்தி எல்லாம் சேர்ந்து, கப்பல் பேட்டரியின் விலையைக் கார் பேட்டரியின் விலையைப் போலப் பல மடங்காக்கிவிடுகின்றன. மொத்தத்தில் மின்கலத்தின் பங்கு சிறுத்துவிடுவதால், மலிவான மின்கலத்தால் கிடைக்கும் சேமிப்பும் அதே அளவில் சிறுக்கிறது.

எனவே, பத்து நிமிடத்துக்குள் சார்ஜ் ஏற்றி நாள் முழுவதும் ஓடும் இலேசான பயணிகள் படகுக்கு எல்.டி.ஓ.வையும், அரை மணிக்கு மேல் நிற்க முடிகிற அல்லது எடையைப் பொருட்படுத்தாத கப்பலுக்கு எல்.எஃப்.பி.யையும், விரைவுக் கப்பலுக்கு மட்டும் என்.எம்.சி.யையும் நான் பரிந்துரைப்பேன். விற்பவரிடம் சுழற்சி எண்ணிக்கையைக் கேட்பதைவிட, உங்கள் துறையின் வெப்பநிலையில், உங்கள் அட்டவணையில், பத்தாண்டில் மொத்தம் எத்தனை மெகாவாட் மணி பாயும் வரை உத்தரவாதம் தருகிறார் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது பயன் தரும். கூடவே, படகின் உடல் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைக்கும், பேட்டரியோ அதற்குள் ஒரு முறையேனும் மாறும் என்பதால், பெட்டிகளை முழுதாகத் தூக்கி வெளியே எடுக்கும் அளவுக்கு மேல்தளத்தில் திறப்பு ஒன்றை இப்போதே வரையச் சொல்லுங்கள். 2.3 வோல்ட் மின்கல வரிசைக்கெனப் பொருத்திய மின்மாற்றுக் கருவி, பின்னாளில் 3.2 வோல்ட் வகைக்கு மாறும்போது ஒத்துழைக்க வேண்டுமானால், அதன் மின்னழுத்த வரம்பும் முதல் ஒப்பந்தத்திலேயே அகலமாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.